கட்டுச்சோறும் கோசம்பரியும்

எங்கள் திருவாடானை பஸ் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். தொண்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலிருந்தும், வானம் பார்த்த வயல்களுக்கு நடுவேயுள்ள சிற்றூர்களிலிருந்தும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொருத்தியின் தோளிலும் ஒரு புத்தகப் பை. பைக்குள்ளே ஓர் எவர்சில்வர் டப்பா. அந்த டப்பாவிலுள்ள சோறு விடியற்காலை ஐந்து மணிக்கு வடித்தது. அதைத் திறப்பதோ பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. இந்த ஏழே முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

சரித்திர பாடம் நடத்துகிற உபாத்தியாயினிக்குச் சமையலறையில் என்ன வேலை என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். சரித்திரம் என்பது ராஜாக்கள் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் அல்ல. ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எது கிடைக்காமல் மெலிந்தார்கள் என்பதும் சரித்திரந்தான். அது தவிர, எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை ஏற்பட்டதற்கு ஒரு காரணமும் உண்டு.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலைப் பிரார்த்தனை முடியும் தறுவாயில், பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்ற நிலையிலேயே சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, நிழலில் படுக்க வைத்தோம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, "டீ குடிச்சேன் டீச்சர்" என்றாள். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஒன்பது கிராமுக்கும் குறைவாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டையும் கவனியுங்கள்" என்றார்.

அன்று மத்தியானம் நான் அந்த வகுப்புக்குள் சென்று, பெண்கள் டப்பாக்களைத் திறக்கும்போது ஒரு கணக்கு எடுத்தேன். நாற்பத்திரண்டு டப்பாக்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், உருளைக்கிழங்கு. சில டப்பாக்களில் கருவாடு இருந்தது. இரண்டில் முட்டை இருந்தது. பச்சைக் காயோ பழமோ இருந்த டப்பா ஒன்றுகூட இல்லை. பிறரைக் குறை சொல்வதற்கு முன் என் டப்பாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? இருபது வருஷமாகத் தயிர்ச்சோறும் மாவடுவும் கொண்டுவருகிறவள்தான் நானும். நாற்பத்து மூன்றாவது டப்பா என்னுடையது.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு என்ற பெருங்காரியத்தை 1956-ல் காமராஜர் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இவையெல்லாம் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயங்கள். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் காலடி வைக்கிற பெண், முட்டையையும் சுண்டலையும் விட்டுவிட்டுக் கட்டுச்சோற்றுக்குத் திரும்புகிறாள். அந்தப் பிராயத்தில்தான் பெண்ணுடம்புக்கு இரும்புச் சத்து அதிகமாக வேண்டியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். என் வகுப்பில் மயங்கி விழுந்தவள் ஒருத்திதான். விழாமல் நிற்கிறவர்கள் எத்தனை பேரோ!

நம்முடைய சோற்றில் குறை இருக்கிறது என்பதைச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எலிகளைக் கொண்டு நிரூபித்துவிட்டார். நீலகிரியில் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், 1920-களில் இந்தியாவின் பல பிரதேசத்து ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களை அப்படியே தயாரித்து, தனித்தனிக் கூட்டமாக எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் ஆகாரம் உண்ட எலிகள் எல்லாவற்றிலும் புஷ்டியாக வளர்ந்தன. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு ஆகியவற்றோடு முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும் அவற்றுக்குக் கிடைத்தன. தீட்டிய அரிசிச் சோறும் சொற்பக் காயும் உண்ட சென்னை ராஜதானி எலிகள் கடைசி வரிசையில் நின்றன. குன்னூரில் இருந்த அந்த ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. எங்கள் டப்பாக்கள் மட்டும் குன்னூரைவிட்டு நகரவில்லை!

பச்சைக் காய் என்றவுடன், "சமைப்பதையே விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று பயப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனையை மகாத்மா காந்தியே செய்து பார்த்துவிட்டார். 1929-ல் அடுப்பில் ஏற்றாத ஆகாரத்தை மட்டும் உண்டு பார்த்தார். தேகம் நலியவே அதைக் கைவிட்டார். பிறகு 1935-ல் வார்தாவில், சமைத்த உணவோடு பச்சைக் கீரைகளையும் சேர்த்துக்கொள்ளும் முறையை அநுசரித்து, அதைப்பற்றி ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். நமக்கு வேண்டியதும் அந்த நடுவழிதான். சோறு சோறாகவே இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு பிடி பச்சை இருக்கட்டும்.

அந்த ஒரு பிடிக்கு நம்மிடம் பெயரும் உண்டு, பழக்கமும் உண்டு. ஊறவைத்த பாசிப்பருப்போடு வெள்ளரிக்காயோ, காரட்டோ, மாங்காயோ துருவிச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்துக் கொட்டினால் அது கோசம்பரி. ஸ்ரீராம நவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் வருவது. கோசுமல்லி என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் குழப்பம் வரும். பக்கத்துத் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கங்களில் கோசமல்லி என்றால் கத்தரிக்காயை வேகவைத்து மசித்து இட்டிலிக்குத் தொட்டுக்கொள்வது! ஆகையால் இந்தக் கட்டுரையில் கோசம்பரி என்றே சொல்லுகிறேன். மேனாட்டார் 'ஸாலட்' என்று தட்டு நிறையச் சாப்பிடுவதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அவர்களுக்கு அது தினசரி ஆகாரம்; நமக்கு வருஷத்தில் ஒரு நாள் பிரசாதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெண் விழுந்த மறுநாளே என் டப்பாவில் கோசம்பரியைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். முந்தின இரவே வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கினேன். பருப்பு, தேங்காய்த் துருவல், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் சேர்த்து மூடி வைத்தேன். மத்தியானம் திறந்தபோது டப்பாவில் பாதி தண்ணீர்; தேங்காய் ஊசிப்போன வாசனை; வெள்ளரித் துண்டுகள் துவண்டு கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஞ்ஞான உபாத்தியாயினி எட்டிப் பார்த்துவிட்டு, "எட்டாம் வகுப்புப் பாடத்தை மறந்துவிட்டீர்களே" என்றார். காய்க்கு வெளியே உப்பு இருந்தால், காய்க்குள்ளே இருக்கும் நீர் அதை நோக்கி வெளியேறிவிடும். ஊறுகாய்க்கு அது நல்லது, கோசம்பரிக்கு ஆகாது. நமது வெயிலில் ஈரம், உப்புச் சாறு, தேங்காய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் கிருமிகளுக்கு விருந்து வைத்தது போல.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்கூட்டியே தயார் செய்யலாம். முன்கூட்டியே கலக்கக் கூடாது.

முழுக் காய்க்கு அதன் தோலே டப்பா. வெட்டாத வெள்ளரிப் பிஞ்சும், காரட்டும், எலுமிச்சம்பழமும், கொய்யாவும் மத்தியானம் வரையில் எந்த வெயிலையும் தாங்கும். முந்தின இரவு அவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றிவைத்தால் போதும். ஈரந்தான் பச்சைக் காய்க்குச் சத்துரு. கொத்தமல்லித் தழையையும் அப்படியே கழுவி உதறி, ஈரமில்லாத துணியில் பொதிந்து வைக்கலாம்.

பாசிப்பருப்பு ஊறுவதற்கு முக்கால் மணி நேரம் போதும். ஊறின பருப்பைக் காலையிலேயே கட்டிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் புளித்த வாடை வரும். ஆகவே உலர்ந்த பருப்பாகவே ஒரு சிறு சம்படத்தில் கொண்டுபோக வேண்டும். பதினொரு மணி இடைவேளையில் கழுவி, குடிநீரில் ஊறப் போட்டால் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதமாக இருக்கும். நூறு கிராம் பாசிப்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

முளைகட்டிய பயறு வேண்டுமானால், சனிக்கிழமை இரவு பச்சைப் பயறை ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை நீரை வடித்து, ஈரத் துணியில் முடிந்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதைப் பச்சையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். முளை வளர்வதற்கு ஏற்ற வெப்பமும் ஈரமும் நோய்க் கிருமிகள் வளர்வதற்கும் ஏற்றவை. இட்டிலிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்து, அகலத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் மறுபடியும் உள்ளேதான் விழும்.

இந்த முளைக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் மகா யுத்தத்தில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரையில், மெசபொட்டேமியாவில் குட் என்ற ஊரில் பிரிட்டிஷ் சைனியம் முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டது. அதிலிருந்த நம் நாட்டுச் சிப்பாய்களில் பலருக்குப் பச்சைக் காயும் பழமும் இல்லாமல் ஈறு வீங்கி, இரத்தம் கசியும் ஸ்கர்வி வியாதி கண்டது. யுத்த காலத்திலேயே லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சிசாலையில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். உலர்ந்த பருப்புக்கு இல்லாத ஒரு சக்தி, அதே பருப்பு முளைவிட்டவுடன் உண்டாகி ஸ்கர்வியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். அந்தச் சக்திதான் வைட்டமின் 'சி' என்று பின்னால் 1932-ல் தெளிவாயிற்று. ஆவியில் வைத்தால் அதில் ஒரு பகுதி குறையும். மத்தியானம் எலுமிச்சை பிழிந்தால் குறை தீர்ந்துவிடும்.

எலுமிச்சையைச் சுவைக்காக மட்டும் சேர்ப்பதாக எண்ண வேண்டாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. அதே வேளையில் வைட்டமின் 'சி' உள்ள பொருளையும் சாப்பிட்டால் அதிகமாக ஏற்றுக்கொள்ளும். தேநீர் இதற்கு நேர் விரோதி. அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சை விலை ஏறியிருக்கும் நாட்களில் நெல்லிக்காயைத் துருவிப் போடலாம். அல்லது ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்னலாம். கொய்யாவில் ஆரஞ்சைப் போல் சுமார் நான்கு மடங்கு வைட்டமின் 'சி' உண்டு.

இனி, தாளிதம். நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் எங்கள் ஜில்லாவின் குண்டு மிளகாயில் ஒன்றும் கிள்ளிப் போட்டுத் தாளித்து, ஆறவிட்டு, தனிச் சிமிழில் எடுத்துப் போகலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அதன் மரியாதைக்கு ஒன்று போதும், இரண்டு போட்டால் கண்ணீர் வரும். வறுத்த வேர்க்கடலையும் உப்பும் தனித்தனிப் பொட்டலமாக இருக்கட்டும். தேங்காயும் தயிரும் இந்தப் பிரயாணத்துக்கு வேண்டாம்; வீட்டிலேயே சாப்பிடுகிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனியில் மாங்காய், மழை நாளில் முள்ளங்கி என்று காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கை நாரெடுத்து நறுக்கி, மிளகும் உப்பும் தூவினால் அதற்கு நிகரான கட்டுணவு எங்கள் சீமையில் இல்லை.

இவ்வளவையும் ஒரு பெண் தனியாகச் சுமந்து வருவது எப்படி? வழியைக் கண்டுபிடித்தவர்கள் பெண்களேதான். ஆறு பேர் சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பருப்பு, ஒருத்தி வெள்ளரி, ஒருத்தி காரட், ஒருத்தி எலுமிச்சை, ஒருத்தி கடலை, ஒருத்தி தாளிதம். துருவியும் கத்தியும் ஒரு பெரிய பாத்திரமும் என் அலமாரியில் இருக்கும். மணி அடித்ததும் கை கழுவி, துருவிக் கலந்து, ஐந்து நிமிஷத்தில் ஆளுக்கு ஒரு பிடி. ஒரு வீட்டுக்கு ஒரு காய்தான் செலவு.

முதல் நாள் ஒரு சங்கடம் வந்தது. மறைப்பானேன்? பாத்திரத்தில் கை வைத்துக் கலந்தவள் யார் என்று பார்த்துவிட்டு, இரண்டு பெண்கள் தங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நான் உபந்நியாசம் ஒன்றும் செய்யவில்லை. கலந்தவளின் கையாலேயே ஒரு பிடி வாங்கி, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினம் ஒருத்தி கலப்பது என்று விதி செய்தேன். ஜன்னலோரம் போனவர்களில் ஒருத்தி பத்து நாளில் திரும்பி வந்தாள். மற்றொருத்தி இன்னும் வரவில்லை. அவளுடைய முறை வருகிற நாளில் மட்டும் அவள் கலந்து கொடுத்துவிட்டுப் போகிறாள், சாப்பிடுவதில்லை. பொறுத்திருக்கிறேன்.

மயங்கி விழுந்த பெண்ணிடம் ஒரு நாள், "உங்கள் வீட்டில் காய் வாங்குவதே இல்லையா?" என்று கேட்டேன். "வாங்குவாங்க டீச்சர். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வச்சதுபோக எனக்கும் அம்மாவுக்கும் குழம்புதான்" என்றாள். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நாளும் கிழமையும் சொல்வது போலச் சொன்னாள். பின்பு அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தபோது நான் இந்தப் பேச்சை எடுத்தேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் சாப்பிடுறதைத்தானே டீச்சர் அதுவும் சாப்பிடுது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாளின் உதடும் நகமும் வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணின் இரத்தத்தை மறுபடி பரிசோதித்தார்கள். பத்தரை கிராமுக்கு ஏறியிருந்தது. இது கோசம்பரியின் மகிமை என்று நான் சொல்லப் போவதில்லை. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்துமே முக்கியக் காரணம். இரத்த சோகை உள்ளவர்கள் கோசம்பரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் மாத்திரை ஒரு நாள் தீர்ந்துபோகும். சாப்பாட்டுப் பழக்கம் அவளோடு புகுந்த வீட்டுக்கும் போகும். அங்கே காய் பங்கிடும் கரண்டி அவள் கையில் இருக்கும்.

இப்போது அவள் பையில் தினம் இரண்டு வெள்ளரிப் பிஞ்சு வருகிறது. ஒன்று கூட்டுக்கு. மற்றொன்றைச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகிறாள். ஏன் என்று கேட்டேன். "அம்மாவை என் கண் முன்னாடி திங்க வைக்கணும் டீச்சர். காலையில வச்சுட்டு வந்தா அண்ணனுக்குக் கொடுத்துடும்" என்றாள்.

நேயர்களே, நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பெண்ணின் டப்பாவை மூடுவதற்கு முன்னால் ஒரு முறை பாருங்கள். அதில் வெள்ளை நிறம் மட்டும் இருந்தால், பக்கத்தில் ஒரு காயை முழுசாகவே வைத்து அனுப்புங்கள். அப்படியே, அந்த டப்பாவைக் கட்டிக் கொடுக்கிறவளுக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று அடுக்களையிலும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.